பட்டாசுப் பெட்டி லேபிள் மாதிரி இருக்கிறதே, இதில் என்ன டிசைன்?

கேள்வி: 3 பிப்ரவரி, மாலை 6.15

தடனோரி யோகோ என்ற ஜப்பானிய போஸ்டர் கலைஞரைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். கிழக்கையும் மேற்கையும் கலந்தவர், உலகப் புகழ் பெற்றவர் என்று எழுதியிருந்தது. படங்களைத் தேடிப் பார்த்தால் சிவகாசிப் பட்டாசுப் பெட்டி ஞாபகம்தான் வருகிறது. பின்னால் சூரியக் கதிர், கண்ணைக் குத்தும் நிறம், மூலைக்கு மூலை ஒரு சின்னப் படம், நடுவில் ஒரு ஆள். இதை நம்ம ஊரில் தினமும் அச்சடிக்கிறார்கள். அவர்களை யாரும் கலைஞர் என்று சொல்வதில்லை. இதில் அப்படி என்ன டிசைன் இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

3 பிப்ரவரி, இரவு 10.40

நீங்கள் பார்த்தது சரி. அது லேபிள்தான். அவர் தெரிந்தே, பிடிவாதமாக லேபிள் போட்டார்.

யோகோ பிறந்தது 1936இல், ஹியோகோ மாகாணத்தின் நிஷிவாகியில். நெசவு ஊர். நூலுக்கு முதலில் சாயம் ஏற்றிவிட்டு, அப்புறம் கட்டம் போட்டு நெய்யும் பருத்தித் துணிக்குப் பெயர் போனது. நம் மெட்ராஸ் கட்டம் நெய்கிற அதே முறை. அவரைத் தத்தெடுத்து வளர்த்தவர் கிமோனோ துணி வியாபாரி. துணிச் சுருளில் ஒட்டும் லேபிள்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவர். பின்னாளில் அவர் போட்ட போஸ்டர்களின் சட்டகம், கதிர், மூலைப் படம், நடு உருவம் எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான்.

நான் சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் ஃபிலிம் ஒட்டும் மேசையில் பல வருஷம் வேலை பார்த்தவன். தீப்பெட்டி லேபிள், வெடிப் பெட்டி, சாமி காலண்டர் எல்லாம் கை வழியாகப் போயிருக்கின்றன. யோகோவின் படத்தை முதலில் பார்த்தபோது ஜப்பான் என்றே தோன்றவில்லை. பக்கத்து அச்சகத்து வேலை என்றுதான் நினைத்தேன். அதனால் உங்கள் கேள்வி எனக்குச் சொந்தக் கேள்வி மாதிரி.

4 பிப்ரவரி, காலை 7.05

ஒரே ஒரு போஸ்டரை நிதானமாகப் பார்ப்போம். 1965. டோக்கியோ கின்சாவில் இளம் வடிவமைப்பாளர்கள் சேர்ந்து நடத்திய கண்காட்சிக்கு யோகோ தன்னைப் பற்றியே போட்ட போஸ்டர். பின்புலம் முழுக்கச் சிவப்பும் நீலமுமாகக் கதிர்கள். மேல் மூலை ஒன்றில் ஃபூஜி மலை தீ கக்குகிறது, இன்னொன்றில் புல்லட் ரயில். கீழே குழந்தைப் பருவப் புகைப்படம். நடுவில் கோட்டு சூட்டு போட்ட ஒரு ஆள், கையில் ரோஜா, கழுத்தில் தூக்குக் கயிறு. இருபத்தொன்பது வயதில் உச்சத்தைத் தொட்டுவிட்டேன், செத்துவிட்டேன் என்ற பொருளில் ஆங்கில வாசகம். தலைமாட்டில் 'மேட் இன் ஜப்பான்'.

அந்த 'மேட் இன் ஜப்பான்' என்னைப் பிடித்து நிறுத்தியது. ஏற்றுமதிச் சரக்கில் போடுகிற வரி அது. ஒரு மனிதன் தன்னையே சரக்காக்கி, லேபிள் ஒட்டி, தூக்கிலும் மாட்டி வைத்திருக்கிறான். புல்லட் ரயில் ஓடத் தொடங்கியது 1964 அக்டோபரில், அதே மாதம் டோக்கியோ ஒலிம்பிக்ஸ். நாடே ஜெயித்துவிட்ட பூரிப்பில் இருந்த நேரம்.

4 பிப்ரவரி, மதியம் 1.30

இதன் பக்கத்தில் இன்னொரு போஸ்டரை வைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஒலிம்பிக்ஸுக்காக யூசாகு கமேகுரா போட்டது. வெள்ளைத் தாள். பெரிய சிவப்பு வட்டம் ஒன்று. அதன் கீழே தங்க நிறத்தில் ஐந்து வளையம், 'டோக்கியோ 1964'. அவ்வளவுதான். உலகமே கையெடுத்துக் கும்பிட்ட வேலை, நானும் கும்பிடுகிறேன்.

கமேகுரா டோக்கியோவில் 1959இல் தொடங்கிய நிப்பான் டிசைன் சென்டரின் நிறுவனர்களில் ஒருவர். யோகோ 1960இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அங்கே வேதவாக்கு ஐரோப்பிய நவீனம்தான். கட்டம் போட்டு அளந்த பக்கம், சுத்தமான எழுத்துரு, நிறைய வெற்றிடம். போரில் தோற்ற நாடு புது முகத்தோடு உலகத்தின் முன்னால் நிற்க அது தேவைப்பட்டது. அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் இருவர் வரைந்ததும் ஒரே சூரியனைத்தான். கமேகுரா அதைக் கழுவித் துடைத்து வைத்தார். யோகோ அதற்குக் கதிரையும் எரிமலையையும் தூக்குக் கயிறையும் சேர்த்து, பழைய துணிக்கடை லேபிளில் இருந்தபடியே கொண்டுவந்தார். வெட்கப்பட்டு ஒளித்து வைத்த பெட்டியைக் கூடத்து நடுவில் திறந்து வைத்த மாதிரி.

5 பிப்ரவரி, இரவு 9.20

ஒரு நண்பர் கேட்கிறார்: "அப்படியானால் கிழக்கு மேற்குக் கலப்பு என்று சொல்வது தப்பா?"

தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் உதவாத பேச்சு. கிழக்கு என்று ஒரு டப்பா, மேற்கு என்று ஒரு டப்பா, கலைஞர் வந்து இரண்டையும் ஊற்றிக் கலக்கினார் என்ற படம் மனசில் வந்துவிடுகிறது. லேபிள் தொழிலில் அப்படி எதுவும் தனித்தனியாக இருந்ததே இல்லை.

மான்செஸ்டர் மில்கள் இந்தியாவுக்கு அனுப்பிய துணியில் இந்து தெய்வங்களின் படம் போட்ட லேபிளை ஒட்டி அனுப்பின. நம்முடைய லட்சுமி, சரஸ்வதி படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் வைத்தபோது இயந்திரம் ஜெர்மனியிலிருந்து வந்தது, நடத்திக் கொடுத்தவரும் ஜெர்மானியத் தொழில்நுட்பர். வரைந்த முறை ஐரோப்பிய எண்ணெய் ஓவியம். அந்த லட்சுமியைத்தான் பாட்டி காலத்திலிருந்து நாம் சாமியாகக் கும்பிடுகிறோம், மனசாரக் கும்பிடுகிறோம். கலப்பு என்று யாருக்கும் உறுத்தவில்லை.

சரக்கு எங்கே போகிறதோ அங்கே இருக்கிறவன் கண்ணுக்குப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் லேபிள்காரனுக்குத் தெரிந்த கொள்கை. அவன் கை வழியாக மூன்று கண்டத்து உருவங்கள் ஒரே தாளில் உட்கார்ந்துவிட்டன. யோகோ வளர்ந்தது அந்தத் தாள்களுக்கு நடுவில்.

6 பிப்ரவரி, காலை 6.50

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எல்லாப் புகழையும் தொழிலுக்கே கொடுத்துவிட்டால் யோகோ என்ன செய்தார் என்ற கேள்வி மிஞ்சுகிறது. கேள்வி கேட்டவரின் வாதமும் அதுதானே.

லேபிள் சந்தோஷமான பொருள். வாங்கு, வாங்கு என்றுதான் சொல்லும். யோகோ அதே குரலில் சாவைச் சொன்னார். மலை வெடிக்கிறது, ஆள் தொங்குகிறான், கதிர்கள் மட்டும் அதே உற்சாகத்தோடு விரிகின்றன. லேபிளின் இலக்கணம் மாறாமல் உள்ளே இருக்கிற செய்தி மாறியிருக்கிறது. என் மேசையில் வந்துபோன ஆயிரக்கணக்கான லேபிளில் ஒன்றுகூடப் பார்க்கிறவன் வயிற்றைக் கலக்கியதில்லை. இது கலக்குகிறது. டிசைன் எங்கே என்று கேட்டால் நான் கைகாட்டுவது இந்த இடத்தைத்தான்.

6 பிப்ரவரி, இரவு 11.15

தீப்பெட்டிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் விலகிப் போகிறது, பரவாயில்லை.

ஜப்பானில் தீப்பெட்டித் தொழிலின் தலைமையிடம் கோபே துறைமுகமும் அதைச் சுற்றிய ஹியோகோ பகுதியும். அங்கிருந்து சீனாவுக்கும் இந்தியாவுக்கும் தீப்பெட்டி கப்பலேறியது. நம் சந்தைக்கு வந்த பெட்டிகளில் யானை, ராஜா, தெய்வங்கள் என்று நமக்குப் பழக்கமான உருவங்களையே ஜப்பானிய லேபிள்காரர்கள் வரைந்து அனுப்பினார்கள். கல்கத்தாவில் குடியேறிய ஜப்பானியர்கள் சிறு அளவில் தீக்குச்சி செய்யத் தொடங்க, உள்ளூர்க்காரர்களும் அதைக் கற்றுக்கொண்டார்கள். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் போய்த் தொழில் கற்றது அதே கல்கத்தாவில்தான். 1923இல் ஊர் திரும்பித் தீப்பெட்டி ஆபீஸ் தொடங்கினார்கள். பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அப்படி வளர்ந்த அச்சுத் தொழில்தான் பின்னால் காலண்டரும் டைரியுமாகப் பெருகியது.

யோகோ இருபது வயதில் வேலைக்குப் போன இடம் கோபே. அங்கே ஒரு நாளிதழில் படம் வரைந்துகொண்டிருந்தார். ஆக, அவர் ஊர் லேபிளும் நம் ஊர் லேபிளும் ஒன்றுபோல இருக்கிறதென்றால் அதற்குக் கப்பல் போக்குவரத்து என்ற உறுதியான காரணம் இருக்கிறது. பங்காளி வீட்டுப் பிள்ளைகளுக்கு மூக்கு ஒன்றுபோல இருந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

7 பிப்ரவரி, மாலை 5.00

யோகோவின் போஸ்டரில் வரும் சாமி படங்கள் சிவகாசியில் அச்சானவையா என்று ஒருவர் கேட்கிறார். இல்லை, அப்படி நான் சொல்லவில்லை. பம்பாய், கல்கத்தா, டெல்லியிலும் சாமி படம் அச்சானது. வழி ஒன்று என்றுதான் சொல்கிறேன்.

8 பிப்ரவரி, இரவு 8.30

நிறத்தைப் பற்றிக் கேட்டவருக்கு. இது என் தொழில், கொஞ்சம் நீளும்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் இந்த மாதிரி போஸ்டருக்குக் கலரில் ஒரு மூலப் படம் இருக்காது. கறுப்புக் கோட்டில் வரைந்த படம் ஒன்று. அதன் மேல் ஒரு டிரேசிங் தாள். அந்தத் தாளில் இந்த இடத்துக்கு மஞ்சள் 100 சதவீதம், அந்த இடத்துக்கு மெஜந்தா (இளஞ்சிவப்பு) 70, சயான் (வான்நீலம்) 20 என்று குறிப்பு. நிறம் பிறப்பது அச்சகத்தில்தான். சிவகாசியில் டிரேசிங் தாளுக்குப் பதில் பட்டர் பேப்பர், மற்றபடி அதே வேலை. ஆர்ட்டிஸ்ட் எழுதிய குறிப்பைப் பார்த்து, சிவப்பு மாஸ்கிங் ஃபிலிமை பிளேடால் அறுத்து, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி ஃபிலிம் தயார் பண்ணுவோம். முகத்துக்கு ஒன்று, சேலைக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று. பிளேடு ஒரு மயிரிழை விலகினால் நிறத்துக்கும் கோட்டுக்கும் நடுவில் வெள்ளை எட்டிப் பார்க்கும்.

அதனால்தான் லேபிளில் கறுப்புக் கோடு தடிமனாக இருக்கும். ரெஜிஸ்டர், அதாவது நிறங்கள் ஒன்றோடொன்று பொருந்துவது, கொஞ்சம் விலகினாலும் அந்தக் கோடு மறைத்துவிடும். மலிவுத் தாள், வேகமான ஓட்டம், நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காராது என்று தெரிந்தே போட்ட கோடு. ஜப்பானிய மரக்கட்டை அச்சிலும் முதலில் கறுப்புக் கோட்டுக் கட்டை, அப்புறம் நிறத்துக்கு ஒரு கட்டை. யோகோவின் படத்தில் உருவத்தைச் சுற்றி ஓடும் கறுப்புக் கோட்டில் அந்த மரக்கட்டையும் இருக்கிறது, துணி லேபிளும் இருக்கிறது, அமெரிக்கக் காமிக்ஸும் இருக்கிறது. மூன்றிலும் அந்தக் கோடு வந்ததற்குக் காரணம் ஒன்றே, அச்சடிக்கிறவனின் கஷ்டம்.

அப்புறம் வானம். அவர் போஸ்டர்களில் வானம் மேலே கரு நீலமாகத் தொடங்கிக் கீழே வர வர வெளுக்கும், சிலவற்றில் சிவப்பாகும். மரக்கட்டை அச்சுக்காரர்கள் கட்டையில் மையை ஈரத் தூரிகையால் படிப்படியாக மங்க வைத்து இதைச் செய்தார்கள். நாங்கள் மைத் தொட்டியில் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள் ஊற்றி, உருளை ஓடி ஓடித் தானாகக் கலக்க விடுவோம். ரெயின்போ என்போம். பழைய லேபிள்களில் அந்த வானத்தைப் பார்த்தாலே மெஷின்மேன் கெட்டிக்காரரா இல்லையா என்று தெரிந்துவிடும். ஓட்டம் நீள நீள நடுவில் பச்சை அகலமாகும். முதல் ஆயிரமும் கடைசி ஆயிரமும் ஒன்றாக இருக்காது. ஆர்ட் ஸ்கூலில் படித்தவர்கள் குறை என்று சொல்கிற அந்த மாற்றத்தை நான் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவ்வளவு அழகு.

9 பிப்ரவரி, காலை 10.10

கதிர் விஷயம். ஒருவர் கோபமாகவே எழுதியிருக்கிறார், கோபத்தில் நியாயம் இருக்கிறது. பதினாறு கதிர் கொண்ட சூரியன் ஜப்பானிய ராணுவத்தின் கொடி, பிறகு கடற்படைக் கொடியும். கொரியாவிலும் சீனாவிலும் அதைப் பார்க்கிறவர்களுக்கு அது அலங்காரம் கிடையாது. போர் முடிந்தபோது யோகோவுக்கு ஒன்பது வயது. கதிர் என்ன சுமக்கிறது என்று தெரியாமல் அவர் போட்டிருக்க முடியாது. தேசியவாத எழுத்தாளர் யுகியோ மிஷிமாவோடு அவருக்கு நெருங்கிய நட்பு இருந்ததும் எல்லோருக்கும் தெரியும்.

1965 போஸ்டரில் அந்தக் கதிரின் முன்னால் ஒரு ஜப்பானியன் தூக்கில் தொங்குகிறான். அங்கே அது பெருமைக் கொடி இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் பிற்கால வேலைகளில் கதிர் அவருடைய கையெழுத்து மாதிரி ஆகிவிட்டது, எதற்கு வேண்டுமானாலும் வந்து நின்றது. அங்கே அழகு அழகு என்று மட்டும் சொல்லித் தப்பிக்க எனக்கு மனம் வரவில்லை. காயம் பட்டவர் சொல்வதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

9 பிப்ரவரி, இரவு 9.45

தெய்வப் படங்கள். 1970களில் யோகோ முழுக்க ஆன்மிகத்தின் பக்கம் திரும்பினார். 1974இல் இந்தியா வந்தார். அதே ஆண்டு ஷம்பாலா என்ற புராண உலகத்தை வைத்து சில்க் ஸ்கிரீன் அச்சுப் படங்களின் வரிசை ஒன்று செய்தார். அமெரிக்க ராக் இசைக் குழுவான சாண்டானா 1973இல் ஒசாகாவில் நடத்திய கச்சேரியின் இசைத்தட்டுக்கு அவர் செய்த உறை பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருக்கும், 22 பகுதி. உறை என்று சொல்வதைவிட மடித்து வைத்த கோயில் சுவர் என்று சொல்லலாம்.

"நம் சாமியை அலங்காரப் பொருளாக்கிவிட்டார்" என்ற வருத்தத்துக்கு என் பதில் இது. நாம் முருகனை பீடிக் கட்டிலும் போட்டோம், ஊதுபத்தியிலும் போட்டோம். லட்சுமி வெடியில் லட்சுமி படம் போட்டோம், வெடித்ததும் அந்தத் தாள் தெருவில் கிழிந்து கிடக்கும், மிதித்துக்கொண்டு போவோம். அதை நிறுத்த வேண்டும் என்று சொன்னவர்கள் பக்கம்தான் நான். யோகோ அந்தப் படங்களைத் தாளின் நடுவில், கதிருக்கு முன்னால், மரியாதையான இடத்தில் வைத்தார். புத்தருக்கும் அதே இடம்தான். ஒரு ஹிப்பிக் காலத்து மோகம் அதில் கலந்திருக்கிறது என்பதை மறுக்கவில்லை. அதே நேரத்தில் அவர் பக்தியும் பொய்யில்லை என்றே படுகிறது.

10 பிப்ரவரி, காலை 7.30

ஒசாகா உலகக் கண்காட்சி 1970 பற்றி ஒரு வரி: அங்கே ஜவுளித் தொழில் அரங்கத்தை வடிவமைத்தவர் யோகோ. சிவப்புக் குவிமாடத்தைச் சுற்றிக் கட்டுமானச் சாரத்தை அவிழ்க்காமல் அப்படியே விட்டு, அதன் மேல் சிவப்பில் வேலையாட்களின் உருவங்களை நிற்க வைத்தார். நெசவு ஊர்ப் பிள்ளை ஜவுளிக்குக் கட்டிய கட்டடம். எனக்கு அதன் புகைப்படம் ரொம்பப் பிடிக்கும்.

11 பிப்ரவரி, இரவு 10.00

"சரி, நாமும் இப்படிச் செய்யலாமா?" என்று மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். தம்பி, செய்யலாம், ஆனால் நான் பட்டதைச் சொல்கிறேன்.

அச்சகத்தை விட்டு வந்த பிறகு புத்தக அட்டை போடுகிறேன். ஒரு பதிப்பகத்துக்காரர் மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றுக்கு அட்டை கேட்டார். "மாடர்னா இருக்கணும், நம்ம கலாச்சாரமும் தெரியணும்" என்றார். நான் கொடுத்த அட்டையில் தடிமனான கறுப்புக் கோடு, ரெயின்போ வானம், அரிசி மூட்டையில் வருகிற மாதிரி எழுத்து. அவருக்குப் பிடிக்கவில்லை. "சீப்பா இருக்கு, ஒரு கோலமும் கோபுரமும் ஓரத்தில் வெச்சிடுங்க" என்றார். வைத்துக் கொடுத்தேன், காசு வாங்கினேன். அந்த அட்டையை இன்றைக்கும் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கோபுரம் அந்தக் கதைக்குச் சம்பந்தமே இல்லாதது. கோலமோ இணையத்தில் இறக்கிய வெக்டர்.

கலாச்சாரம் என்று ஆர்டர் கொடுத்தால் வருவது அந்தக் கோபுரம்தான். யோகோ தன் வேலைக்குத் தாமரையையும் கிமோனோவையும் தேடிப் போகவில்லை. வீட்டில் கிடந்ததை எடுத்தார், அதுவும் படித்தவர்கள் முகம் சுளிக்கிற வகையைத் தேர்ந்தெடுத்தார். உன் வீட்டில் என்ன கிடந்தது என்று யோசி. பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை, ஜவுளிக்கடை மஞ்சப்பை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று எதுவாகவும் இருக்கலாம். அதை அச்சடிக்கிற இடத்துக்குப் போய் நின்று பார். எந்த மெஷின், எத்தனை நிறம், ஏன் அந்த எழுத்து என்று கேள். டிசைன் வகுப்பில் இதற்கு நேரம் ஒதுக்க மாட்டார்கள்.

11 பிப்ரவரி, இரவு 11.35

கோவில்பட்டி கொண்டைய ராஜுவை மறந்துவிடக் கூடாது. சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்து, கோவில்பட்டியில் தங்கி, சிவகாசி அச்சகங்களுக்குத் தெய்வப் படம் கொடுத்தவர். அவர் வரைந்த மீனாட்சி கல்யாணம் எத்தனையோ வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. அந்தப் படங்களில் பின்னால் தெரிகிற மண்டபமும் படுதாவும் நாடக மேடை. முகத்தில் விழும் வெளிச்சம் போட்டோ ஸ்டூடியோ. நகையில் தஞ்சாவூர் ஓவியம். கேள்வி கேட்டவரே, நம் ஊர் ஆட்களை யாரும் கலைஞர் என்று சொல்வதில்லை என்று நீங்கள் எழுதியது நியாயமானது. யோகோவுக்கு நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1972இல் தனிக் கண்காட்சி வைத்தது. நம் லேபிள் ஆர்ட்டிஸ்டுகளில் பெரும்பாலோருக்கு லேபிளில் பெயர்கூடப் போடவில்லை. நான் அறுத்த ஃபிலிம்களுக்கு வரைந்தவர்கள் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த மூலப் படங்கள் வெள்ளை போஸ்டர் கலர் உதிர்ந்து, கரையான் அரித்து, பழைய பேப்பர்க் கடைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். இதைச் சொல்லும்போது வலிக்கிறது.

13 பிப்ரவரி, மாலை 6.40

1981க்குப் பிறகு? அந்த ஆண்டு யோகோ தன்னை ஓவியர் என்று அறிவித்துக்கொண்டார். முந்தைய ஆண்டு நியூயார்க்கில் பிக்காசோவின் பெரிய கண்காட்சியைப் பார்த்ததுதான் காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். போஸ்டர் போடுவதை அடியோடு விட்டுவிடவில்லை. 2000க்குப் பிறகு நிஷிவாகியின் முச்சந்திகளை இரவு வெளிச்சத்தில் வரிசையாக வரைந்தார். அவை நல்ல ஓவியங்கள். ஆனால் என் மனசு அச்சடித்த தாளிடம்தான் நிற்கிறது. ஓவியத்தில் அவர் தனியாள். போஸ்டரில் பிளேட் போட்டவன், மை கலந்தவன், தாள் தள்ளியவன் எல்லோரும் கூட இருக்கிறார்கள்.

14 பிப்ரவரி, காலை 8.00

எங்கே பார்க்கலாம் என்று கேட்டவருக்கு: கோபேயில் அவர் பெயரிலேயே அருங்காட்சியகம் இருக்கிறது, 2012இல் திறந்தது. அச்சு இயந்திரம் பார்க்க முதலாளி என்னை ஜப்பானுக்கு அனுப்பியபோது ஒரு மதியம் அங்கே போனேன். நிரந்தரமாக எல்லாம் மாட்டியிருக்காது, கண்காட்சிக்குக் கண்காட்சி மாறும். போகுமுன் என்ன ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். போஸ்டர்கள் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் உயரம். போன் திரையில் பார்ப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கிட்டே போய்க் கறுப்புக் கோட்டின் ஓரத்தைப் பாருங்கள், நிறம் எங்கே முடிகிறது என்று தெரியும். கையில் ஒரு லென்ஸ் இருந்தால் நல்லது, காவலாளியிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜப்பான் போக முடியாதவர்கள், வீட்டில் பழைய தீப்பெட்டி லேபிள் இருந்தால் நல்ல வெளிச்சத்தில் ஸ்கேன் பண்ணி இங்கே போடுங்கள். 600 டிபிஐ போதும். பின்பக்கத்தையும் சேர்த்துப் போடுங்கள், சிலதில் அச்சகத்தின் பெயர் இருக்கும்.